வலது நிலைக்கால்

கை பழக்கத்தில் நிலைக்காலுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

பசை பிடித்திருந்த தடம் மட்டும் இருந்தது. வர்ணத்தோடு சேர்த்துப் பெயர்த்திருக்கிறார்கள்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. தரையில் தேடினாள். படிக்கட்டில் தேடினாள். விழுந்திருக்கலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

தானாக விழுகிற பொருள் வர்ணத்தை உரித்துக்கொண்டா விழும்?

விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் குழல். உள்ளே சுருட்டிய தோல். தோலில் கையால் எழுதிய வேத வரிகள். யூதர்கள் வாசலின் வலது பக்கம் வைக்கிற காவல் அது, மெசூசா என்பார்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிடுவார்கள்.

இது அவள் புருஷனுடையது. எலியாஹு கப்பலில் எஞ்சினியர். எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் வேலையாக இதைத்தான் அறைவாசலில் ஒட்டுவான். கடைசிக் கப்பலில் நெஞ்சுவலி வந்தது. அவன் சட்டைகளோடு இது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு வேலை அவளை எந்த ஊருக்கு இழுத்தாலும் பெட்டியில் முதலில் ஏறுவது இதுதான். உப்புக் கம்பெனி ஆய்வக வேலைக்கென்று தூத்துக்குடிக்கு வந்தபோதும் அப்படித்தான். இந்த மாடி வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே இதை ஒட்டிவிட்டாள். அவன் விரல் பட்டுக் கறுத்த இடத்தில் தன் விரலை வைப்பாள். அவனைத் தொட அவளுக்கு வேறு இடம் இல்லை.

தடதடவென்று கீழே இறங்கினாள்.

வீட்டுக்காரம்மாள் செண்பகவல்லி வாசலிலேயே நின்றாள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றாள்.

குடிவந்த நாளிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாளாம். போகையிலும் வருகையிலும் அதைத் தொடுவதும், தொட்ட கையை வாயில் வைப்பதும் என்ன பழக்கம்? திறந்து பார்த்தால் தோல். தோல் முழுக்க ஊர் பேர் தெரியாத எழுத்து. செய்வினை என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மிளகாயும் உப்பும் போட்டுக் கொல்லையில் கொளுத்திவிட்டாளாம். கிளம்பின நாற்றத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டதாம்.

தோல் கருகினால் பிறகு மல்லிகையா மணக்கும்?

 ஆண்டவன் பெயர் எழுதிய தோல் அது. பழுதாகிப் போனால்கூடக் குப்பையில் போடமாட்டார்கள். செத்த மனிதரைப் போல மண்ணில் புதைப்பார்கள். அதை இந்தப் பொம்பளை மிளகாயோடு சேர்த்து எரித்திருக்கிறாள்.

செண்பகவல்லியின் தலைக்கு மேல் பார்த்தாள். கயிற்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பக்கத்தில் படிகாரம். அதற்கும் மேலே, நாக்கைத் துருத்திய பூதம் வரைந்த பூசணிக்காய். நிலையில் அறைந்த லாடம் வேறு. இத்தனை பேர் காவல் நிற்கிற வீட்டில் அவளுடையதற்கு ஒரு விரல் இடம் இல்லாமல் போயிற்று. அநியாயம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது காவலுக்கு வைத்தது என்று கத்தினாள். செத்துப்போனவனின் கை பட்ட பொருளை எரிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கத்தினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செண்பகவல்லி குரலை உயர்த்தவில்லை.

"எம்மவளுக்கு வயித்துல ரெண்டு தங்காமப் போயிட்டு. இது மூணாவது. என் எடத்துல இருந்தா நீங்க என்னம்மா செய்வீங்க?"

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளிக் குழலை நீட்டினாள். அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படுகிறவள் இல்லையாம். திருநீறு போட்டுத் துலக்கியே வைத்திருந்தாள்.

குழல் பளபளத்தது. எலியாஹுவின் விரல் பட்டுப் பட்டு ஏறியிருந்த கறுப்பு முழுக்கப் போய்விட்டது.

அவள் அதைப் பறித்துக்கொண்டு மாடியேறினாள்.

இந்த வீட்டில் இனி ஒரு பொழுதுகூட இருப்பதில்லை. பெட்டியைக் கட்டிலில் போட்டுத் திறந்தாள். குழலை விடாமலே, கைக்கு வந்த புடவையை மடிக்காமல் திணித்தாள். என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. பயம் வந்தால் யாருடையதை வேண்டுமானாலும் கொளுத்தலாமா?

படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தது.

செண்பகவல்லியின் மகள் முத்துச்செல்வி. ஏழு மாதம். படியேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஏறி வந்துவிட்டாள். உரிந்த நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே வரவில்லை.

மன்னிப்புக் கேட்க வந்திருப்பாள் என்று அவள் நினைத்தாள். கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

முத்துச்செல்வி ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அக்கா, அது காவலுக்குன்னு சொன்னீங்கல்லா. எனக்கு ஒண்ணு கெடைக்குமா?"

 இருந்த ஒன்றையும் எரித்துவிட்டு வந்து கேட்கிறார்களே, இவர்களுக்கு வெட்கமே கிடையாதா? தோல் இல்லாத குழல் வெறும் வெள்ளி, அதனால் ஒருவரையும் காக்க முடியாது. அதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்.

முத்துச்செல்வி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியைத் தள்ளிக் கட்டிலில் இடம் பண்ணினாள். முதலில் உள்ளே வந்து உட்கார் என்றாள்.

குழலைப் பிடித்திருந்த கையை மட்டும் திறக்கவில்லை.