ஏழாவது கதவு

மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கொடுத்தது நான்கு நிமிடம். அதில் பாதி, பக்கத்தில் இருந்த வக்கீல் நிரோஷினி ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதற்குப் போனது. மீதியை அவளே நன்றி சொல்லித் தீர்த்துவிட்டாள். இலங்கை மலையகத்தில் எந்தக் கூட்டமானாலும் மேடையில் இருக்கும் ஒருவரையும் விடாமல் வணங்கித்தான் தொடங்குவார்கள். இங்கே மேடையில் பதினெட்டுப் பேர்.

இனப் பாகுபாட்டை ஒழிக்க உலக நாடுகள் சேர்ந்து அமைத்த குழு அது. ஜெனீவா. தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தவள், சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான்.

கடிதம்.

தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மேடையின் கடைசி நாற்காலியில், தலையில் நீலத் துணி கட்டிய ஓர் ஆப்பிரிக்க அம்மாள். காலையிலிருந்து வாய் திறக்காதவர். அவர் முன்னால் இருந்த, இவர்கள் கொடுத்த ஏழு பக்க மனுவின் ஓரமெல்லாம் பென்சில் கோடு.

அவர் தன் மைக்கை அழுத்தினார்.

நிரோஷினி காதருகே குனிந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு ஒரு கடிதம் எழுதணுமாம். விலாசம் கேக்குறாங்க. பதில் சொல்றதுக்கு நேரக் கணக்கு இல்ல, அவசரப்படாம ஆறுதலா சொல்லுங்க."

கெட்டிக்கார அம்மாள்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

"எங்களுக்கு விலாசம் இல்லம்மா. டவுன்ல ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் இருக்கு. எங்க லயத்துல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா பன்னெண்டு வீடு, ஒண்ணுக்கும் நம்பர் இல்ல. கடிதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். எங்க மூத்தவளுக்கு காலேஜ்ல எடம் கெடைச்ச கடிதாசி, கிளாக்கர் ஐயா மேசையில நாப்பது நாளு கெடந்துச்சு. அவ இப்ப என்கூட கொழுந்து எடுக்குறா. சின்னவளுக்கு அடுத்த மாசம் வரணும்."

நிரோஷினி ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை. அப்படியே சொன்னாள்.

நாளைக்கு இதே மண்டபத்தில் அரசாங்கத்து ஆட்கள் பதில் சொல்ல வேண்டும். மற்றப் பதினேழு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

நீலத் துணி அம்மாள் மட்டும் எழுதவில்லை. இன்னொன்று கேட்டார். அந்த லயத்தில் உங்கள் கதவு எத்தனையாவது?

அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறாள், எண்ணிப் பார்த்ததில்லை.

ஏழு.

அவர் பென்சிலை எடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கினாள். தன் கதவில் 7 என்று எழுதினாள். கோணலாகத்தான் வந்தது. பக்கத்து வீடுகள் சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு கதவுக்கும் எண் வந்துவிட்டது.

சின்னவள் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் கிளாக்கர் ஐயா வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படி ஏறி யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது.

சட்டைப் பையில் வெளிநாட்டு முத்திரை குத்திய ஒரு நீளக் கவர். வெளியே துருத்திக்கொண்டு நின்ற ஓரத்தில் ஒரு பெரிய 7. பென்சில் எழுத்து.

கையில் சணல் கயிறு போட்ட கட்டு ஒன்று. மேசை இழுப்பறையில் கிடந்ததெல்லாம் போலிருக்கிறது. சில கவர்கள் பழுப்பேறியிருந்தன, சில புதுசு.

அவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டைப் பையை அவள் பார்க்கவே இல்லை.

கிளாக்கர் ஐயா கயிற்றை அவிழ்த்தார். முதல் கதவின் முன்னால் போய் நின்று, ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

ஏழுக்கு இன்னும் ஆறு கதவு இருந்தது.