கொம்பியூட்டர் எடுக்காது

“கொம்பியூட்டர் எடுக்காது. உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?”

கல்விக் கந்தோர் அதிகாரி கதிர்காமநாதன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மீனம்மா மட்டும் அசையவில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தர்மபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அவருடைய மேசையை மறித்துக்கொண்டு நின்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். கிளிநொச்சியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் மகள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

“மவளோட பிறப்புப் பத்திரம் எழுபத்தேழுக் கலவரத்துல, தேயிலைத் தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டோட எரிஞ்சிருச்சுங்க. அதான் உத்தேச வயதுப் பத்திரம் எடுத்துக் கொண்டாந்திருக்கேனே, ஐயா.”

“உத்தேசம் எல்லாம் கொம்பியூட்டருக்கு விளங்காது. பிறப்புப் பத்திர இலக்கம் வேணும். இலக்கம் இல்லாட்டி அது தள்ளிப்போடும்.”

“இந்தத் தோட்டத்து ஆக்களுக்குச் சொன்னா விளங்காது, சேர்,” என்றார் வரிசையில் நின்ற உருத்திரபுரத்து அப்புத்துரை. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மீனம்மாவுக்குச் சுருக்கென்றது.

“அப்ப அந்தக் கம்பியூட்டரே என்கிட்ட சொல்லட்டுங்க. என் மவ வேணாமுன்னு அது சொன்னா நான் போயிடுறேன்.”

இப்போது வரிசை முழுக்கச் சிரித்தது.

உள் அறைக் கதவு திறந்தது. எட்டிப் பார்த்தவள் கமலாசனி. பள்ளிச் சேர்க்கைக்காக அந்தக் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுத வந்தவள். ஒருவருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், தலைக்கனம் பிடித்தவள் என்று கந்தோரில் பெயர்.

“உள்ள வாங்கோ அம்மா. நீங்களே பாருங்கோ.”

“ஓம், காட்டு பிள்ளை. அப்பதான் இவளுக்குப் புத்தி வரும்,” என்று அதிகாரியும் பின்னால் வந்தார்.

கமலாசனி மகளின் பெயரைக் கேட்டு, ‘விமலேஸ்வரி’ என்று தட்டினாள். ஊரைத் தட்டினாள். பிறப்புப் பத்திர இலக்கம் கேட்டுக் கொம்பியூட்டர் நின்றது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த விசையை அழுத்தினாள்.

கொம்பியூட்டர் மறுபேச்சில்லாமல் விமலேஸ்வரியை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

“பிள்ளை சேர்ந்திட்டா, அம்மா.”

மீனம்மா அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். “அது ஒண்ணும் சொல்லலீங்களே, ஐயா!”

அவருடைய முகம் கறுத்துவிட்டது. அவள் வாசலைத் தாண்டும்வரை பொறுத்திருந்து கமலாசனியின் மேல் பாய்ந்தார்.

“இலக்கம் இல்லாத ஆக்களைத் தள்ளச் சொல்லி நான் சொன்னனான் எல்லே? ஆரைக் கேட்டு மாத்தினனீ?”

“நீங்கள் சொன்ன மாதிரித்தான் முதல் எழுதினனான், சேர். சரியா வேலை செய்யுதோ எண்டு பார்க்க, இந்தக் கந்தோர் ஆக்களின்ர விபரத்தைப் போட்டுப் பார்த்தனான்.”

“அதுக்கு?”

“உங்களிட்டையும் உத்தேச வயதுப் பத்திரம்தானே, சேர். அது தள்ளின முதல் ஆளே நீங்கள்தான். உங்களை உள்ள எடுக்கத்தான் அந்தக் கட்டளையை அழிச்சனான்.”