212ஆம் எண் அடுப்பு

“புகைக்குழாய்க் கதவ எப்ப மூடணும்னு தெளிவா எழுதக்கூடாதாம்மா?”

நாரின் என்னும் குளிர் நகரத்து அடுப்புப் பட்டறையில், அடுப்போடு கொடுக்கும் குறிப்புத்தாளை எழுதுகிறவள் புருல். கேட்டவள் சால்வை போர்த்திய ஒரு பெண்.

“நெருப்பு அடங்கினதும் மூடணும்னு போட்டிருக்கேனே, அக்கா.”

“மலையில வரட்டி எரிச்சவங்க நாங்க. தீ அடங்குனா அது சாம்பல்தான். நிலக்கரி உள்ளுக்குள்ள கனியும்னு யார் கண்டா? சூடு போயிடக் கூடாதுன்னு உடனே மூடிட்டோம்.”

அவள் நீட்டிய பழைய தாளில் அடுப்பின் எண் 212 என்றிருந்தது. அந்த அடுப்பு போன வாரமே திரும்பி வந்துவிட்டது. கதவை மூடிவிட்டுத் தூங்கிய நாலு பேரையும் புதைத்த பிறகு, அதை வாங்கிய வீட்டில் அதை வைத்துக்கொள்ள யாருமில்லை. முதலாளி எர்கின் அதற்குப் புதுச் சாயம் அடித்து, நாளை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தார்.

பட்டறை அனலாக இருந்தது. அவள் சால்வையில் படிந்த பனி உருகவேயில்லை.

“இன்னும் என்ன எழுதுற புருல்? ரெண்டு வரிக்கு மேல எவன் படிக்கப்போறான்?” என்றார் உள்ளேயிருந்து எர்கின்.

புருல் புதுத் தாளில் எழுதி முடித்தாள். ‘தீ அடங்கினாலும் கரி உள்ளே கனியும். முழுதும் சாம்பலாகும்வரை புகைக்குழாய்க் கதவை மூடாதீர்கள். மூடினால் தூக்கத்திலேயே உயிர் போகும்.’

அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தாள். தாளை மடித்து 212இன் வயிற்றுக்குள் வைத்தாள். பனிக்குள் இறங்கிப் போனாள்.