மடிப்பில்லாத ஒரு ரூபாய்

“மேஜை மேல இருந்த பிளாஸ்டிக் கவர் எங்கே?”

ஷமீல் கேட்ட கேள்வியில் மனைவி முஹ்சினாவின் கையிலிருந்த சாயா தளும்பியது.

“அங்க கிடந்த பிளாஸ்டிக்கையெல்லாம் அள்ளி காளியம்மை சேச்சிகிட்ட கொடுத்துட்டேன். இன்னைக்குத்தானே அவங்க எடுக்க வர்ற நாள்?”

“அய்யோ! அதுல என் ஒரு ரூபா நோட்டு இருந்துச்சு!”

“நூறு ரூபாய்க்கு வாங்கினேன்னீங்களே, அதா? போனாப் போகுது, விடுங்க.”

நூறு என்று சொன்னது அவன்தான். உண்மையில் அறுபதாயிரம். மழைக்கு முன்னால் கூரை ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்திருந்தான்.

நூறு வருஷத்துக்கு மேலான நோட்டு. நிபுணர்கள் பார்த்து, எழுபதுக்கு அறுபத்தேழு என்று தரம் போட்டு, உறையில் அடைத்துக் கொடுத்தது. ஒரு மடிப்பு கிடையாது, விலையே அதற்குத்தான். அதை வாங்கச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ராமபத்ரன் எறணாகுளத்திலிருந்து எண்பதாயிரத்தோடு படகேறி வருகிறார்.

இப்போது மணி நாலு.

ஷமீல் ஸ்கூட்டரை விரட்டினான். காளியம்மை பார்த்திருப்பாளா? பார்த்தால் கொடுப்பாளா? விலை தெரிந்தால் யார்தான் கொடுப்பார்கள்? வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

பிளாஸ்டிக் பிரிக்கும் ஷெட்டில் பச்சைக் கோட்டு போட்ட பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மை எழுந்து வந்தாள்.

“எந்தா இக்கா, இவ்வளவு தூரம்?”

“கடை பில்லு ஒண்ணு சேச்சி. காலைல கொடுத்த பிளாஸ்டிக்கோட வந்துடுச்சு.”

“அதுக்கென்ன, தேடிருவோம்.”

காலையில் சேர்த்த மூன்று சாக்கையும் கொட்டினார்கள். காளியம்மை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பால் கவரையும் பிரித்துப் பார்த்தாள். ஷமீலுக்கு வியர்த்து ஊற்றியது. போன் அடித்தது.

“படகில ஏறிட்டேன்” என்றார் ராமபத்ரன்.

அப்போதுதான் அந்த உறை கண்ணில் பட்டது. கத்தரியால் வெட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“இதை வெட்டினது யாரு?”

“நான்தான் இக்கா...”

“உள்ளே இருந்தது எங்கே? உங்க பையைக் காட்டுங்க!”

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. மேற்பார்வை பார்க்கும் அம்பிளி வேகமாக வந்தாள். “காளியம்மை, திருட்டுன்னா இன்னையோட வேலை போச்சு, சொல்லிட்டேன்!”

காளியம்மை வாயைத் திறப்பதற்குள் ஷமீல் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டான். டிபன் டப்பா, மாத்திரை அட்டை, குடை, ஒரு சின்ன பர்ஸ். பர்ஸுக்குள் ஒரு காகிதப் பொட்டலம்.

பிரித்தான். அவனுடைய ஒரு ரூபாய். நாலாக மடித்திருந்தது.

பொட்டலக் காகிதத்தில் மலையாளத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ‘ஷமீலிக்கா வீடு. ஒரு ரூபாய். திருப்பிக் கொடுக்கணும்.’

“கவருக்குள்ள காகிதம் இருந்தா பிளாஸ்டிக் வாங்குறவங்க எடுக்க மாட்டாங்க இக்கா, அதான் வெட்டினேன்” என்றாள் காளியம்மை. “உள்ள ரூபா இருந்துச்சு. பழசானாலும் உங்க காசுதானே? பறந்துடக் கூடாதுன்னு மடிச்சு வெச்சேன். அடுத்த மாசம் வரும்போது கொடுக்கலாம்னு... நீங்க பில்லுன்னு சொன்னதால இது ஞாபகமே வரல்ல.”

நோட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். கூரை, முஹ்சினா, படகில் வந்துகொண்டிருக்கும் ராமபத்ரன் எல்லாம் ஒரே நேரத்தில் ஷமீலின் நினைவுக்கு வந்தன. காகிதத்தில் இருந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தான்.

“இக்கா, நேராச் சொல்லுங்க” என்றாள் அம்பிளி. “நீங்க தேடி வந்தது இதுதானா? இது ஏதும் விலை உள்ளதா?”

போன் மறுபடியும் அடித்தது. அவன் எடுக்கவில்லை.

“இல்ல” என்றான் ஷமீல். “நான் தேடி வந்தது பில்லுதான். இது வெறும் ஒரு ரூபா.”