ஒரே சேனல்

வயர்லெஸ் குமிழைத் திருப்பினாள். இரைச்சல்.

இன்னொரு சேனல். கிழிந்த வலைக்காக யாரையோ வைதுகொண்டிருந்தார் ஒருவர்.

இன்னொன்று. இரைச்சல்.

மீனவர் சங்க அறை வாசலில் ஊரே நின்றது. நடுவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தான் ரூஃபஸ். அவள் கொழுந்தன். முந்தாநாள் காற்றில் வள்ளத்தோடு காணாமல் போனவனைக் கேரளத்துப் படகொன்று காலையில் கரை சேர்த்திருந்தது.

அவனைத் தேடிப் போன அண்ணனுக்கு மட்டும் இது தெரியாது.

தம்பி இல்லாமல் திரும்பமாட்டேன் என்று போனவன் அவள் புருஷன் பெஸ்லின். இன்னும் கடலில் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருப்பான்.

மேற்கே மேகம் திரண்டிருந்தது.

வழக்கமாகப் பேசும் சேனலில் புயல் எச்சரிக்கை ஓடியது. அதற்கு வழிவிட்டு வள்ளங்கள் எல்லாம் ஆளுக்கொரு சேனலாகச் சிதறியிருந்தன.

அவள் சேனல் சேனலாகத் தாவினாள். கூப்பிட்டாள். மறுபடி தாவினாள்.

ஒன்றில் மட்டும் ஒரு கிழக்குரல் பதில் சொன்னது.

"பெஸ்லினா? இப்பத்தான் ஒன்னயக் கூப்பிட்டுப் பாத்துட்டு வேற சேனலுக்குப் போனான் மக்களே."

அவள் கை நின்றது.

அவனும் தேடுகிறான்.

ரெண்டு பேரும் ஓடினால் எங்கே பார்ப்பது? ஒருத்தர் நிற்கவேண்டும். அவன் நிற்கமாட்டான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நாற்காலியில் உட்காராத மனுஷன்.

குமிழிலிருந்து கையை எடுத்தாள். அவன் சுற்றிச் சுற்றி இந்தச் சேனலுக்கு வந்துதானே ஆகவேண்டும்.

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த சேனலில் இந்நேரம் கூப்பிடுகிறானோ என்று விரல் துறுதுறுத்தது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இரைச்சல்.

இரைச்சல்.

"ஜெயசீலி?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருங்கினார்கள்.

"ஜெயசீலி, கேக்குதா? தம்பியக் காணல. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப்..."

அவள் திரும்பினாள். எட்டி ரூஃபஸின் கையைப் பிடித்து இழுத்து, மைக்கை அதில் திணித்தாள்.

அவன் வாயிலிருந்த காப்பியை விழுங்கினான்.

"அண்ணே. நான் வீட்டுக்கு வந்துட்டேன். நீ எங்க நிக்க?"

பொத்தானை விட்டான்.

அந்தப் பக்கம் பொத்தான் அழுந்தியது. இரைச்சல் நின்றது.

பெஸ்லின் விரலை எடுக்கவில்லை. அலை வள்ளத்தில் அறைவது கேட்டது. எஞ்சின் சும்மா முனகுவது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு எஞ்சின் உறுமியது. முழு வேகத்தில்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, உலை வைக்க ஓடினாள்.