அப்பாவின் பெருவிரல்

‘மகள் தேன்மதி, தோழி ரிஸ்வானா வீட்டுக்குப் போகலாமா?’ பள்ளி வாசலிலிருந்து கைபேசிக்குக் கேள்வி வந்ததும், சிமெண்டுக் கிட்டங்கியில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு இருளாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தான். சம்மதம் என்று சந்தோஷமாகப் பெருவிரலை வைத்தான். ரேகை தெரியவில்லை என்றது திரை. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான்; அப்போதும் ஏறவில்லை. ‘அப்பா மறுத்துவிட்டார்’ என்று மகளுக்குத் தகவல் போய்விட்டது.

எப்போதும் இப்படித்தான். சிமெண்டு தின்ற விரல் கைநாட்டுக்குக்கூட ஆகவில்லை என்று மகளிடம் சொல்லக் கூசி, கண்டிப்பான அப்பனாகவே இருந்துவிட்டான்.

சாயங்காலம் தேன்மதி அழுதாள். “அவ ஊரவிட்டே போயிட்டாப்பா. வழியனுப்பக்கூட விடலியே?”

இருளாண்டி விரலை நீட்டினான். “வச்சேன் தாயி. ஏறலை.”

வழவழவென்றிருந்த அந்த விரலை அவள் தடவிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க ஒரு தடவகூட வேணாம்னு சொன்னதே இல்லையாப்பா?”