ஒரு டிக்கெட்டுக்கு நாற்பது வரி

"எவன்டா இவன்!" என்று ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்.

நான் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எவன் என்று எழுந்து போய்க் கேட்கவில்லை. ஒரு வாரமாக இதே கூத்துதான்.

ஐயா பெயர் அருள்முருகன். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவர். கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து துறைமங்கலம் வந்து சேர்ந்தார், அன்றிலிருந்து எங்கள் ஹால்தான் அவருக்கு ஆபீஸ். இப்போது கம்பெனியில் எல்லாரையும் கோட்லின் என்கிற புது மொழிக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். மாறாதவர்களுக்கு வேலை இருக்காதாம்.

"எனக்கென்ன மாப்ள பயம்? நான் இல்லாட்டி அந்த ப்ராஜெக்ட் ஒரு நாள் ஓடுமா?" என்று ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த என் தம்பியிடம் போன வாரம்கூட அளந்தார். அவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

இவர் புது மொழி படிக்கிற லட்சணத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒரு வலைத்தளம். அதில் பயிற்சிக் கணக்குகள் இருக்கும். எழுதி அனுப்பினால், அந்த மொழி தெரிந்த யாராவது எங்கிருந்தோ திருத்தித் தருவார்கள். காசு கிடையாது. இவர் எடுத்தது ஒரு பஸ் டிக்கெட். எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம், கட்டணம் எவ்வளவு. கோட்லினில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி குடிக்கலாம்.

துரை நாற்பது வரி எழுதியிருந்தார்.

ஏறுமிடத்தை எடுத்துக் கொடுக்கத் தனியாக நாலு வரியில் ஒரு ஃபங்ஷன், மாற்றி வைக்க ஒரு ஃபங்ஷன். இறங்குமிடத்துக்கும் அதே போல ஒரு ஜோடி. இவர் கற்ற காலத்து ஜாவாவில் இதையெல்லாம் கையால் எழுத வேண்டும். கோட்லின் தானே பார்த்துக்கொள்ளும். சொன்னால் நம்பினால்தானே! வரிக்கு வரி கடைசியில் ஒரு அரைப்புள்ளி வேறு. அந்த மொழிக்கு அது தேவையே இல்லை. பேண்ட் போட்டுக்கொண்டு அதன்மேல் வேட்டியும் கட்டுகிற ஜென்மம்.

மூன்று தடவை அனுப்பி, மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது. 'இது இன்னும் ஜாவாதான். மறுபடி எழுதுங்கள்.'

அதற்குத்தான் இந்தக் கத்தல்.

"நேத்து மொளச்ச பயலா இருப்பான். எனக்கு வந்து சொல்லிக்குடுக்கிறான்!"

"நான் வேணா பாக்கட்டுங்களா?" என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

"நீ போர்டுல எழுதிப்போடுற ஆளு ஹேமா. இது இண்டஸ்ட்ரி. ஒனக்குப் புரியாது."

சரிங்க சாமி.

எனக்குப் புரியாதாம். நான் இதே ஊரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். செமஸ்டர் லீவு என்பதால் வீட்டில் கிடக்கிறேன். செகண்ட் இயர் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கோட்லின் எடுப்பது நான்தான். இந்த டிக்கெட் சமாச்சாரத்தை அதுகள் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்ளும். அதுகளுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை, இவருக்கு மண்டை கொள்ளாமல் இருக்கிறது. நான் காலேஜில் என்னதான் சொல்லித் தருகிறேன் என்று கட்டிய நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை மனுஷன். பற்றிக்கொண்டு வராதா எனக்கு?

நன்றாகக் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் சத்தம் அடங்கியது. கீபோர்டு தட்டுவது மட்டும் கேட்டது. நின்று நின்று கேட்டது.

அப்புறம் மேடைமேல் கிடந்த என் போன் அதிர்ந்தது.

அருள்முருகன் நாலாவது தடவையாக அனுப்பியிருந்தார், திருத்துகிற ஆளுக்கு.

ஆமாம், அது நான்தான். வேறு ஒரு பெயரில். நேரில் சொன்னால் ஒன்றும் காதில் ஏறாது என்று, அவர் எந்தத் தளத்தில் படிக்கிறார் என்று பார்த்து, அவர் கணக்கை மட்டும் தேடி எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற குஷியோடுதான் திறந்தேன்.

நாற்பது வரி இருபதாகியிருந்தது. அரைப்புள்ளி ஒன்றுகூட இல்லை. கீழே இங்கிலீஷில் எனக்கு எழுதியிருந்தார்.

'சார், தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு வயது நாற்பத்தாறு. எவ்வளவு முயன்றாலும் கை பழையபடிதான் போகிறது. போன மாதமே என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வேறு ஒரு இடத்தில் இன்டர்வியூ. எங்கே தப்பு என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள் சார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.'

போன மாதமே.

கம்பெனி லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று மகளுடையதை வாங்கி வைத்துக்கொண்டாரே, அதுவும் போன மாதம்தான். அடப்பாவி மனுஷா, என்னிடம் சொல்வதற்கு என்ன? இவ்வளவு நேரம் இந்த ஆளைப் பார்த்தா சிரித்துக்கொண்டிருந்தேன்?

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, போனில் எழுத ஆரம்பித்தேன். 'பயப்படாதீர்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள். ஏறுமிடம், இறங்குமிடம், கட்டணம் மூன்றையும் முதல் வரியிலேயே அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மற்றதையெல்லாம் தைரியமாக அழித்துவிடுங்கள். இன்டர்வியூவில் கேட்கிற மாதிரி இன்னும் நாலு கணக்கு தருகிறேன். திங்கட்கிழமைக்குள் முடித்துவிடலாம்.' சார் என்று கூப்பிட்டதை நான் திருத்தவில்லை.

அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

"ஹேமா! மீட்டிங் ஆரம்பிக்கப் போவுது. மிக்ஸி கிக்ஸி போட்டுறாத!"

தினமும் இந்த நேரத்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் யாரோடோ பேசிக்கொண்டே இருப்பார்.

"போடலைங்க," என்றேன். "நீங்க பேசுங்க."